தையல் ஆறியும் வலி போகவில்லை: ஆபரேஷன் இல்லாமல் வழி உண்டா?

எல்லையோர செவிலி (களியக்காவிளை)
ஒரு தாய்க்குச் சுகப்பிரசவம், வலப்பக்கம் எபிசியாட்டமி (குழந்தை வெளிவர யோனிவாசலில் போடும் வெட்டு) தையல். ஐந்து மாதம் ஆச்சு. காய்ச்சல், சீழ் இல்லை. குத்தவைத்தாலோ பைக்கில் உட்கார்ந்தாலோ தழும்பு சுண்டி இழுக்குதாம். கணவரோடு சேரும்போது யோனிவாசலிலேயே எரிச்சல். தாய்வீடு பாறசாலைப் பக்கம். வேதுக்குளி (பிரசவத்துக்குப் பின் மூலிகை வெந்நீர்க் குளியல்), லேகியம் எல்லாம் முறையா நடந்திருக்கு. கெகல் பயிற்சி (இடுப்புக்கு அடியில் தாங்கும் தசையை இறுக்கித் தளர்த்துவது) செய்தால் வலி கூடுது என்கிறாள். என்ன சொல்லலாம்?

பிசியோ, நாகர்கோவில்
கெகலை நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர். வலிக்குப் பயந்து இடுப்புத்தளத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கும். மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிறு உப்ப மூச்சிழுக்கும்போது கீழே தளர விடணும். 5 நிமிடம், காலையும் இரவும்.

இது பழகினதும் தழும்பை மசாஜ் செய்யலாம். நகம் வெட்டி, கை கழுவி, தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு போதும். கூடினால் விரல் வழுக்கி மேல்தோலைத்தான் தேய்க்கும், அடியில் ஒட்டின திசு அசையாது. கட்டைவிரலை முதல் கணு வரை யோனிக்குள்ளே வைத்து ஆசனவாய்ப் பக்கம் அழுத்தி, இழுப்பு தெரியுற இடத்தில் 30 விநாடி நிறுத்தணும். பிறகு இரு பக்கமும் மெல்ல நகர்த்தணும். வலத் தழும்பு, எதிரே இருந்து பார்க்கிற நமக்குக் கடிகாரத்தின் 7 மணிப் பக்கம் தெரியும். கைக்கண்ணாடியில் பார்க்கிற அவளுக்கு 5 மணிப் பக்கம். சொல்லி அனுப்பலேன்னா நல்ல பக்கத்தைத் தேய்ச்சுட்டிருப்பாள்! தினம் 5 நிமிடம். மறுநாளும் வலி இருந்தால் அழுத்தம் அதிகம்னு அர்த்தம். தொடவே பயந்தால் முதலில் பஞ்சு, அப்புறம் மெல்லிய துணியால் வெளியே வருடிப் பழகட்டும்.

ஆணுறை பயன்படுத்துறாங்கன்னா சேரும் நேரத்தில் எண்ணெய் கூடாது, லேடெக்ஸ் கிழியும்.

மகப்பேறு மருத்துவர், பாலக்காடு
மசாஜுக்கு முன் ஒரு டாக்டர் உள்ளே பார்க்கணும். தொட்டால் ரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ந்திருந்தால், சில்வர் நைட்ரேட் வைத்துப் புறநோயாளிப் பிரிவிலேயே பொசுக்கிவிடலாம். அதைத் தேய்த்துப் பயனில்லை. வாசல் எரிச்சலுக்குத் தழும்பை மட்டும் குற்றம் சொல்லாதீங்க. பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) குறைந்து தோல் மெலிந்து வறளும். தண்ணீர் சார்ந்த ஜெல், போதலேன்னா டாக்டர் எழுதும் எஸ்ட்ரியால் கிரீம். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஜெல் என்றால் 10 நிமிடம் முன்பு தடவி, துடைத்துவிடணும்; இல்லேன்னா கணவருக்கும் மரத்துப்போகும். கரண்ட் அடிச்ச மாதிரி ஒரே புள்ளியில் சுரீர்னா அது நரம்பு வலி, மருந்தே வேற. வாயுவோ மலமோ அடக்க முடியலேன்னா எதுக்கும் காத்திருக்காமல் அனுப்புங்க.

குழித்துறைக்காரி
வேதுக்குளியின் கொதிநீரைத் தழும்பில் வீசி ஊத்துறதை இனியாவது விடச் சொல்லணும். வெதுவெதுன்னு இருக்கிற தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தால் இதமா இருக்கும், அவ்வளவே. தழும்பு அதில் இளகாது. லேகியமும் நெய்யுமா தின்னு காய்கறி குறைஞ்சால் மலம் இறுகும், முக்க முக்கத் தழும்பு இழுபடும். கஞ்சியோட சிறுபயறு, கீரை, நிறையத் தண்ணீர். குத்தவைக்க முடியாதவள் வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் பலகை போட்டு உட்காரட்டும். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணை வாங்கித் தராதீங்க, சுற்றி அழுத்தி நடுவை இழுக்கும்.