அம்மாவுக்குத் தூக்கத்துக்காக மிர்டாசபின்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. அப்பா போன பிறகு எட்டு மாதமாக இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினாலே பெரிது. மூன்று மணிக்கே எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். மனநல மருத்துவர் மிர்டாசபின் 7.5 மி.கி. எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வு மருந்துதான், ஆனால் குறைந்த அளவில் உடலில் நம்மை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்துத் தூக்கம் தரும் என்றார்.

மூன்று வாரம் ஆகிறது. இப்போது ஆறு மணி நேரம் அசையாமல் தூங்குகிறார். பார்க்கவே நிம்மதி. ஆனால் காலை பத்து மணி வரை மந்தமாகவே இருக்கிறார். மருந்தில் பாதி உடலை விட்டுப் போகவே 20 முதல் 40 மணி நேரம் ஆகும் என்பதால் இருக்கலாம். பசியும் கூடிவிட்டது, சர்க்கரை உள்ளவர் என்பதால் அது தனிக் கவலை. போன வாரம் இரவில் பாத்ரூம் போக எழுந்தவர் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கட்டில் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, தான் தலைவலிக்குப் போடும் அமிட்ரிப்டிலினைத் தரட்டுமா என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார், ஆனால் வாங்கவில்லை. வயதானவர்களுக்கு அதில் வாய் வறட்சி, மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வரக்கூடும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மிர்டாசபின் எடுத்திருந்தால் சொல்லுங்கள். காலை மந்தம் நாளடைவில் குறைந்ததா? மாத்திரையைச் சற்று முன்னதாக, எட்டு மணிக்கே கொடுத்தது உதவியதா? எடை எவ்வளவு கூடியது? அப்புறம், நிறுத்தும்போது எப்படிக் குறைத்தார்கள்? அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம், அவரைக் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக நினைக்கிறேன்.