உதைக்க முடியாதவருக்கும் தற்காப்புக் கலை வாழ்க்கை முறையாகுமா?

செம்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வசிக்கிறேன். கல்லூரிக் காலத்தில் தொடங்கிய ஷோட்டோகான் என்ற பாணிக் கராத்தேயை வேலை, திருமணம், குழந்தை என எல்லாவற்றுக்கும் இடையில் விடாமல் தொடர்ந்து வந்தேன்; கருப்புப் பட்டையும் வாங்கியாயிற்று. இப்போது முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்திருப்பதால், தாவி உதைப்பதையும் சண்டைப் பயிற்சியையும் நிறுத்திவிடும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். ‘கராத்தே விளையாட்டு அன்று, வாழ்க்கை முறை’ என்று எங்கள் வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். போட்டியையும் பட்டைத் தேர்வையும் கழித்துவிட்டால் அந்தப் பேச்சில் என்ன மிஞ்சுகிறது? உதைக்க முடியாத ஒருத்திக்கும் அது வாழ்க்கை முறையாக இருக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

தாராவி சிலம்பம்:

வணக்கம் சகோதரி. தாராவியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்ட பிறகு, பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பலர் முதலில் சான்றிதழைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதில் தவறில்லை, ஊரை விட்டு வந்து உழைக்கும் குடும்பம், பிள்ளைக்கு ஒரு வழி பிறக்காதா என்று பார்க்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் கேட்பது சான்றிதழுக்கு வெளியே இருக்கும் ஒன்று.

எங்களிடம் வரும் பிள்ளையின் கையில் உடனே கம்பைக் கொடுப்பதில்லை. காலடி வரிசை பிடிபட்ட பிறகுதான், புருவ உயரத்துக்கு அளந்த கம்பு கைக்கு வரும். எங்களுக்குக் கிடைத்திருக்கும் இடமோ குறுகலானது. குழாயடிக்குப் போகிறவர்கள், பால் வாங்கப் போகிறவர்கள், ஓடியாடும் சின்னக் குழந்தைகள் என்று ஆள் நடமாட்டம் ஓயாது. ஆகவே கம்பைத் தூக்கும் முன் வலம், இடம், பின்புறம் என்று திரும்பிப் பார்ப்பதையே முதல் பாடமாக வைத்திருக்கிறோம். பார்க்காமல் வீசிய பிள்ளை, அன்று கம்பைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதை நின்று பார்க்க வேண்டும். சில மாதங்களில் அந்தக் கவனம் உடம்பில் ஊறிவிடுகிறது. கையில் கம்பு இல்லாத நேரத்திலும் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. கையை ஓங்கும் முன் சுற்றியிருப்பவரைப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் வாழ்க்கை முறை என்பேன். அதற்கு முழங்கால் தடையாகாது.

முலுண்ட் ஜூடோ:

ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். எனினும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். 1882இல் கொடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தொழிலால் கல்வியாளர். உங்கள் ஷோட்டோகானைத் தோற்றுவித்த ஃபுனகோஷி கிச்சினும் ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியபோது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். வகுப்பறையில் கடைப்பிடித்த நெறியை இருவரும் பயிற்சிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பது என் எண்ணம். எறிவதும் குத்துவதும் தாமாக எவரையும் நல்லவராக்கிவிடுவதில்லை.

‘இது வாழ்க்கை முறை’ என்று சொல்லியே, காயம்பட்ட பிள்ளையை ஓய்வெடுக்க விடாத ஒரு வகுப்பை நேரில் பார்த்திருக்கிறேன். வலிக்கிறது என்று வாய் திறப்பதையே அங்கே ஒழுங்கீனமாகக் கருதினார்கள். கலையே வாழ்க்கை என்று நம்பிவிட்ட பிள்ளைக்கு ஆசிரியரிடம் மறுத்துப் பேசும் துணிவு போய்விடுகிறது. ஆகவே கேட்கிறேன்: மருத்துவர் சொன்னதை நீங்கள் தெரிவித்தபோது உங்கள் ஆசிரியர் எப்படி நடந்துகொண்டார்?

ஜூடோவில் நான் போற்றும் ஒன்று உண்டு. எதிரே இருப்பவரைத் தூக்கி எறிந்த பிறகும் அவருடைய சட்டைக் கையை விட்டுவிடாமல், சற்று மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும்; அப்போதுதான் அவர் தலை தரையில் மோதாது. அந்தப் பிடியைத் தன் பொறுப்பாக எண்ணுகிறவரோடு மட்டும் பயிற்சி செய்யுங்கள்.

நாஞ்சில் நாட்டுக்காரன், ஆன்டாப் ஹில்:

கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் ஆசான்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே ஆசான் என்றால் அடிக்கவும் தெரியும், அடிபட்டவரைத் தேற்றவும் தெரியும். அடிபட்டால் ஆபத்தாகும் உடலிடங்களை வர்மம் என்பார்கள்; படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது வர்மக் கணக்கு. மாணவனின் குணத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகே அந்த இடங்களைக் காட்டிக்கொடுப்பார்கள். கூடவே, பட்ட அடியை எடுக்கும் இளக்குமுறையும் கற்க வேண்டும். காலையில் களரியில் அடவு சொல்லிக்கொடுத்த அதே ஆசானின் திண்ணையில், மாலையில் கை பிசகியவர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் காத்திருப்பார்கள். தைலம் தோய்ந்த விரல்களால் தசையைத் தடவித் தடவி வலியின் வேரைத் தேடுவார். வயதாகி ஆட முடியாமற்போன பிறகும் அவரிடம் ஆள் வந்துகொண்டே இருந்ததற்கு அதுவே காரணம். முலுண்ட் அம்மா சொன்ன பொறுப்பு, எங்கள் ஊரில் கலைக்குள்ளேயே ஒரு பாதியாக இருந்தது.

கேரளத்தில் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி ராகவன் அம்மையார், எழுபதைக் கடந்த வயதிலும் களரிப்பயிற்று கற்பித்து வந்தமைக்காக 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைவிட நல்ல சான்று உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் ஒன்று: தேய்ந்த குருத்தெலும்பை வர்மத்தால் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு வருபவரிடம் போகாதீர்கள். எலும்பியல் மருத்துவரும் பிசியோதெரபியும் முதலில். பிறகு, உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களின் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

செம்பூர் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முலுண்ட் சகோதரியின் கேள்விக்கு விடை: எங்கள் ஆசிரியர் மருத்துவச் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, கட்டாக்களை, அதாவது எதிராளி இல்லாமல் தனியே செய்யும் அசைவு வரிசைகளை, ஆழ உட்காராமல் உயர்ந்த நிலையில், மெதுவாகச் செய்தால் போதும் என்றார். முதல் கட்டாவான ஹெய்யான் ஷோதான், இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்புப் போடுவதில் தொடங்குகிறது. அப்படி மெதுவாகச் செய்தபோது, தடுக்கும் கைக்கு முன்பே என் கண் அந்தப் பக்கம் திரும்பியாக வேண்டும் என்பது விளங்கியது. வேகமாகச் செய்த காலத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. சிறுவர் வகுப்பில் உதவிக்கு வரலாமா என்று அவரிடம் கேட்கப்போகிறேன்.

தாராவி ஐயா, என் மகளை ஒரு ஞாயிறு உங்களிடம் அழைத்து வரலாமா? அவளுக்கு ஒன்பது வயது.

தாராவி சிலம்பம்:

தாராளமாக வாருங்கள். காலை 7 மணிக்குத் தொடங்குவோம். கம்பு வாங்க வேண்டாம், இப்போதைக்குத் தேவைப்படாது. காலுக்குத் தடையில்லாத தளர்வான உடை போதும். வெறுங்காலோடுதான் பயிற்சி என்பதால், தரையைக் கூட்டித் துப்புரவாக்க மற்றப் பிள்ளைகளோடு அவளும் கொஞ்சம் முன்னதாக வந்துவிட வேண்டும்.