கோயில் இருட்டில் உறுமி மேளம் எடுக்க முதல் லென்ஸ் எது?

வாணி_பெஸ்தாரி
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எனக்கு ஊர் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா (எங்கள் அப்பாவுக்கு இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான்). கையில் நிக்கான் டி3500, கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். அண்ணன் உறுமி மேளக் குழுவில் அடிக்கிறான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ராத்திரி எடுத்தால் ஆள் தெரிகிறான், கை மட்டும் கலங்கிவிடுகிறது. பிளாஷ் அடித்தால் பூசாரி முறைக்கிறார். 800 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்திருக்கிறேன். ஒரு கடையில் பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? கோலசிலாங்கூர் பறவைகளுக்காக, தூரத்தைக் கிட்டக் காட்டும் 70-300 லென்ஸ் மேலும் ஒரு கண்.

கல்யாணக்_கேமரா
தங்கச்சி, அந்த 50-ஐ விட்டுவிடு. நல்ல லென்ஸ்தான், ஆனால் உள்ளே மோட்டார் கிடையாது. கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பணும், டி3500-இல் அது இல்லை. ஃபோகஸை நீயே கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். தலையை ஆட்டி ஆட்டி அடிக்கிறவனை அப்படிப் பிடிப்பதற்குள் சாமி ஊரையே சுற்றி வந்துவிடும்.

ஏஎஃப்-எஸ் (மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்) என்று போட்ட டிஎக்ஸ் (சின்ன சென்சாருக்கானது) 35 எஃப் 1.8ஜி தேடு. உன் கேமராவின் சென்சார் சின்னது, 35 போட்டால் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஏறக்குறைய 50 காட்டுவதைக் காட்டும். 50 போட்டால் 75 ஆகிவிடும், தோட்டத்துக் கோயிலில் பின்னால் போய்ப் போய்த் தூணில் முட்டுவாய்.

எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். 18-55-ஐ 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 தான். 1.8-இல் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன்) 1/30 நொடியில் எடுத்ததை 1/250-இல் எடுக்கலாம். முகமும் விரலும் நிற்கும், குச்சி நுனி கொஞ்சம் ஓடும். அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கும். எல்லாம் உறைந்துவிட்டால் படத்தில் மேளச் சத்தமே கேட்காது! குழுவை வரிசையாக நிறுத்தி எடுக்கும்போது மட்டும் எஃப் 4 வை, இல்லாவிட்டால் பின்வரிசை மங்கிவிடும்.

சந்தேகமா? 18-55-ஐ 35-இல் வைத்து, வளையத்தில் செலோடேப் ஒட்டிவிட்டு ஒரு பூஜை முழுக்க எடு. அடுத்த பூஜைக்கு 50-இல் ஒட்டு. இடம் எதற்குப் போதவில்லை என்று நீயே சொல்வாய்.

கொக்கு_பார்ப்பவன்
70-300 பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிஎக்ஸ் ஏஎஃப்-பி 70-300 வாங்கினால் பெயரில் விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததும் சந்தையில் உண்டு. 300-இல் எஃப் 6.3. பகலில் கொக்குக்குச் சரி, கோயிலுக்கு ஆகாது.

ரவாங்_அக்கா
பழையது வாங்கினால் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாரும்மா. உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியில் சும்மா போட்டு வைக்கக் கூடாது, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை.

வாணி_பெஸ்தாரி
நன்றி! வேறொரு கடையில் பழைய 35 இருக்கிறதாம், சனிக்கிழமை டார்ச்சோடு போகிறேன். கேமராவில் மாட்டிப் பார்க்க விடுவார்களா அண்ணே?

கல்யாணக்_கேமரா
விடாவிட்டால் வாங்காமல் வந்துவிடு. உன் மெமரி கார்டையும் எடுத்துப் போ, அங்கே எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.