வல்லத்தை (மீன்பிடிப் படகை) வித்த பிறகு அப்பாவை எப்படித் தேத்துறது?

பாம்பன்ல இருந்து எழுதுறேன். அண்ணன்மார், அக்காமார் யாராச்சும் ஒரு வழி சொல்லுங்க.

அப்பாவுக்கு 68 வயசு. முழங்கால் தேஞ்சு போச்சு, கடலுக்குப் போகக்கூடாதுன்னுட்டாரு டாக்டர். ரெண்டு மாசம் முன்னாடி வல்லத்தை வித்துட்டோம். அதுல இருந்து மனுஷன் சரியாவே இல்ல. இன்னமும் ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு, வாசல்ல நின்னு காத்து எந்தப் பக்கம்னு பாக்குறாரு. "கச்சான் காத்து தணிஞ்சுருச்சு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறாரு. அவரோட தூக்குச்சட்டி இன்னும் ஆணியிலதான் தொங்குது. எடுத்து உள்ள வைக்க எனக்கே மனசு வரல.

1964 புயலுக்கு அப்புறம் தனுஷ்கோடிய விட்டு அப்பத்தா கையப் பிடிச்சு வந்தப்ப அவருக்கு ஏழு வயசு. அதையே தாங்குன ஆளு இதுக்கு ஏன் ஒடிஞ்சாருன்னு கேட்டேன். "அங்க கடல் போகச் சொல்லுச்சு, இங்க நீங்கல்ல சொல்றீங்க"ன்னாரு. பதில் சொல்ல வாய் வரல.

ஒண்ணே ஒண்ணு நம்பிக்கை. 1914ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் போறது நின்னப்ப, புதுசு எதுக்குன்னு திட்டுனவருதான். 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்த பிறகு, கப்பலுக்கு வழிவிட அதுல ஒரு பகுதி செங்குத்தா மேல ஏறுற அன்னைக்கெல்லாம் பேரனோட மொத ஆளா நிக்கிறாரு.

கரையில வலை பின்னுற வேலைக்கு அனுப்பலாமா? இல்ல, வல்லம் போறதப் பாத்துப் பாத்து ஏக்கம் கூடிருமா? உங்க வீட்டுப் பெரியவங்க கடலை விட்டப்ப என்ன செஞ்சீங்க?

டீவி பாக்கச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு.