ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 33ஆம் உறுப்பில் வருபவருக்குத் தமிழில் என்ன பெயர்?

மதுரை:
நண்பர்களே, சட்ட மாணவர்களுக்கான மனித உரிமைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஊழலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 33ஆம் உறுப்பு மட்டும் நிற்கிறது. தக்க காரணத்தோடு, நல்லெண்ணத்தோடு ஊழலை உரிய அதிகாரியிடம் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பு பற்றியது. விசில்புளோவர் என்கிறோமே, அவர்தான். ஒரு சொல் தாருங்கள்.

தஞ்சாவூர்:
ஐயா, இருக்கிறதே, இடித்துரைப்பாளர், தவறைக் கண்டித்துச் சொல்பவர். குறளிலேயே உண்டு: 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்.' உலக்கை இடிப்பதும் வானம் இடிப்பதும் சொல்லால் இடிப்பதும் ஒரே வினையடி.

கோவை:
குறள் சொல்பவர் மன்னன் முகத்துக்கு நேரே பேசும் பெரியவர். 33ஆம் உறுப்பு நினைப்பது சத்யேந்திர துபே போன்ற பொறியாளரை. தங்க நாற்கரச் சாலை முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, பெயரை மறைக்கச் சொன்னார். கடிதம் பெயரோடு கைமாறியது. ஐ.நா. பொதுச்சபை உடன்படிக்கையை ஏற்றது 2003 அக்டோபர் 31; அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டது நவம்பர் 27. வழிப்பறிக் கொலை என்றது விசாரணை. அப்படியே இருக்கட்டும், அவர் கேட்ட மறைவை அரசு காக்கவில்லையே! அதுவே உரிமை மீறல். 'ஊழல் அறிவிப்பாளர்' என்று எழுதுங்கள், புரியும்.

தஞ்சாவூர்:
அறிவிப்பாளர் என்றால் வானொலிதான் நினைவுக்கு வரும்.

யாழ்ப்பாணம்:
எங்கள் பக்கம் உடன்படிக்கை என்பது சமவாயம், உறுப்பு என்பது உறுப்புரை. முறைப்பாட்டாளர், அதாவது புகார் செய்பவர் எனலாம். 'தகவல் கொடுப்பவர்' மட்டும் வேண்டாம். காட்டிக்கொடுப்பவர் என்றே வாசிப்பார்கள்.

கோவை:
முறைப்பாடு தனக்கு நேர்ந்ததற்கும் செய்யலாம். இவர் ஊருக்கு நேர்வதைச் சொல்கிறார்.

சென்னை:
பெயர் எதுவானாலும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 32ஆம் உறுப்பு சாட்சிகளைக் காக்கத் தன்னால் இயன்ற நடவடிக்கையை நாடு எடுக்க வேண்டும் என்கிறது. 33 அப்படியில்லை, பாதுகாப்பு விதிகளைச் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. 'பாதுகாக்க வேண்டும்' என்று மொழிபெயர்த்தால் இல்லாத உரிமையை மாணவர் நம்பிவிடுவார்.

மதுரை:
சரி, அந்த வரியை இன்றே திருத்துகிறேன். பெயருக்கு 'முறைகேடு வெளிப்படுத்துபவர்' என்று போடுகிறேன். நீளம்தான், ஆனால் பெயர் சொன்ன நீங்கள் மூவரும் ஒத்துக்கொள்வீர்கள் என்று தோன்றுகிறது.

கோவை:
வெளிப்படுத்துநர் என்றால் ஓட்டுநர், இயக்குநரோடு சேரும். எப்படியும் எனக்குச் சம்மதம்.

தஞ்சாவூர்:
எனக்குச் சம்மதமில்லை. அவர் வெளிப்படுத்துவதோடு நிற்பதில்லை, ஆட்சியைத் தட்டிக் கேட்கிறார். சொல்லடைவிலாவது இடித்துரைப்பாளரைச் சேருங்கள்.