ஆன்லைன் எம்சிஏ: பிழையைக் காட்டித்தரப் பக்கத்தில் ஆளில்லை

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2017இல் கல்லூரிக்குப் போய் பிஎஸ்சி கணிதம் முடித்தவன். இப்போது ஆன்லைனில் எம்சிஏ, இரண்டாம் பருவம். சி நிரலாக்கத்தில் ஏற்கெனவே ஓர் அரியர். இப்போது தரவுகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளைச் சொல்லும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடமும் காலை வாருகிறது.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வெற்றுத் திரை முன் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. போன வாரம் லிங்க்டு லிஸ்டின் (ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவைச் சுட்டும் தரவுச் சங்கிலி) கடைசிக் கணுவை நீக்கும் நிரலுக்கு இரண்டு இரவுகள் போயின. அதற்கு முந்தைய கணுவின் சுட்டியை 'நல்' (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆக்க மறந்திருந்தேன், அவ்வளவுதான். கல்லூரி லேபாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரன் எட்டிப் பார்த்தே சொல்லியிருப்பான்.

ஐஐடிகளின் என்பிடெல் இணையப் பாடங்களையும் பார்த்தேன், அதே கதைதான். பல்கலைக்கழகத் தளத்தில் கேட்ட சந்தேகத்துக்கு ஒன்பது நாள் கழித்து "பாடக்குறிப்பைப் பார்க்கவும்" என்று பதில் வந்தது. சக மாணவர்களின் டெலிகிராம் குழு தேர்வு நேரத்தில் மட்டுமே விழித்துக்கொள்கிறது.

பட்டத்தின் மதிப்பு பற்றிக் கவலையில்லை. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று 2022 செப்டம்பரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்துவிட்டது. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேரச் சொல்லாதீர்கள், வீட்டுக் கடன் இருக்கிறது.

தேர்வுக்கு ஏழு வாரம். ஞாயிறு முழுநாளும் ஓய்வு. திருப்பூர், அவிநாசி, கோவைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் உட்காரவைத்து நிரல் எழுதப் பழக்கும் இடமோ ஆளோ தெரியுமா?