கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்க அப்பாவை அழைத்துப் போகலாமா?

கோவைக்காரன்:
ஜனவரியில் உகாண்டா போகிறோம். கிபாலே தேசியப் பூங்காவில் சிம்பன்சிகளைப் பார்க்க ஆளுக்கு 250 டாலராம். அவற்றின் அருகே இருக்க விடுவதோ ஒரே ஒரு மணி நேரம். அப்பாவுக்கு 63 வயது, முழங்கால் வலி வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இத்தனை செலவு தகுமா?

கம்பாலா வாசகி:
தாராளமாக அழைத்துப் போங்கள், தம்பி. கொரில்லா பார்க்க ஏறும் பிவிண்டி அளவுக்குச் செங்குத்தான காடு இல்லை இது. ஆனால் உங்களில் யாருக்குத் தடுமல் இருந்தாலும் அவர் போகக் கூடாது.

நான்கு ஆண்டுகள் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் இருந்தோம். முதல் முறை கிபாலேக்குப் போனபோது முந்தின இரவே எனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது. காலையில் கணவர் மட்டும் கிளம்பினார். விடுதித் திண்ணையில் இஞ்சித் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். காட்டுக்குள்ளிருந்து சிம்பன்சிகளின் கூவல் வந்தது. 'ஹூ, ஹூ' என்று அடங்கிய குரலில் ஆரம்பித்து, ஏறி ஏறி அலறலாக வெடித்தது. அழுதுவிட்டேன். கட்டிய பணமும் போயிற்று. ஆனாலும் செய்தது சரிதான். 2013இல் இதே காட்டின் கன்யவாரா பகுதியில் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் ஐந்து, மூச்சுத் தொற்றில் செத்துப்போயின. காரணம் ரைனோவைரஸ் சி. நமக்குச் சாதாரணச் சளியைத் தருகிற வைரஸ்களில் ஒன்று! மாஸ்க் போடச் சொல்வது இதனால்தான்.

எட்டு மாதம் கழித்து மறுபடி போனேன். ஒன்றரை மணி நேர நடை. மரத்தின் பலகை வேர்களில் அவை அறைகிற சத்தம், பறை போல, முதலில் கேட்டது. பிறகு அத்திமரத்தடியில் ஒரு பெரிய ஆண். கீழுதட்டை அகப்பையாக நீட்டி, மென்ற அத்திச் சக்கையை அதில் அதக்கி, சாறு வற்றும்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நடுநடுவே சக்கையை உதட்டு நுனிக்குத் தள்ளி, கண்ணைத் தாழ்த்தி ஒரு பார்வை. இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தது போலும். வெற்றிலை போடும் என் பெரியப்பாவை அப்படியே பார்த்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டாலரும் தகும்.

காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். எறும்புகள் சாரிசாரியாக வரும், கடி பொல்லாதது.

பயணப்பை:
அப்பாவுக்கு 60 தாண்டியதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே தனிமைப்படுத்துவார்கள்.

கோவைக்காரன்:
நன்றி அக்கா. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சளி பிடித்தால் தானே விடுதியில் தங்கிவிடுவதாகச் சொல்கிறார். முழங்காலுக்கு என்ன செய்வது?

கம்பாலா வாசகி:
ஊன்றுகோல் எடுத்துப் போங்கள், பையைச் சுமக்க அங்கே ஆள் கிடைக்கும். ஒரு குழுவில் ஆறு பேர்தான், அதனால் புறப்படும்போதே வழிகாட்டியிடம் முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அப்பாவை அவருக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்க விடுங்கள்.